சத்தம் கேட்குது, பக்கெற் வருகுதில்லை
மென்பொருள் வானொலி: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே முறைப்பாட்டைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன. சிக்னல் கணினித் திரையில் தெரிகிறது, காதிலும் கேட்கிறது, ஆனால் அதைப் பிரித்து வாசிக்க வேண்டிய மென்பொருள் பக்கெற்றை (ஒரே தடவையில் அனுப்பப்படும் தரவுத் துண்டை) எழுத மறுக்கிறது. அல்லது ‘சி.ஆர்.சி. பிழை’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கிறது. சி.ஆர்.சி. என்பது ஒரு சரிபார்ப்பு எண். அனுப்புபவர் தன் தரவில் இருந்து கணக்கிட்ட அந்த எண்ணைப் பக்கெற்றின் வாலில் ஒட்டி அனுப்புகிறார். வாங்குபவர் அதே கணக்கைச் செய்து பார்க்கிறார். ஒரே ஒரு பிற் மாறியிருந்தாலும் விடை பொருந்தாது. ஆகவே அந்த வரி பிழை இருக்கிறது என்று மட்டுமே சொல்லும், எங்கே என்று சொல்லாது. அன்ரனாவா, கேபிளா, கெயினா (சிக்னலைப் பெருக்கும் அளவு), பில்ரரா (வடிகட்டி), நிரலா என்பதை வேறு அடையாளங்களைக் கொண்டுதான் பிரித்தறிய வேண்டும்.

கேள்வி: ஆர்.டி.எல். டொங்கிளும் (கணினியில் செருகும் சிறு வானொலி வாங்கி) கூரையில் ‘வி’ வடிவ அன்ரனாவும் வைத்திருக்கிறேன். சர்வதேச விண்வெளி நிலையம் கடக்கும்போது 145.825 மெகாஹேர்ட்ஸில் பக்கெற்றின் ‘கிர்ர்’ சத்தம் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் டயர்வுல்ஃப் (பக்கெற்றை எழுத்தாக்கும் டிகோடர் மென்பொருள்) இடைக்கிடைதான் எழுதுகிறது, பத்தில் ஒன்றுகூட இல்லை. கெயினை 49.6 வரை ஏற்றியும் பயனில்லை. பட்டை அகலம் 8 கிலோஹேர்ட்ஸ், ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது சத்தத்தை மூடும் வசதி) போட்டிருக்கிறேன். எதை மாற்ற வேண்டும்?
— உயர்தர மாணவர், கரவெட்டி

பதில்: தம்பி, கடைசியாக நீங்கள் எழுதியிருக்கும் பட்டை அகலமும் ஸ்குவெல்ச்சும்தான் முதல் இரண்டு காரணங்கள். கெயினை உச்சத்தில் வைத்திருப்பது மூன்றாவது.

முதலில் ஸ்குவெல்ச்சை முழுதாகத் திறந்து விடுங்கள். பேச்சைக் கேட்பவருக்கு அது வசதி, பக்கெற்றுக்கு எமன். பக்கெற்றின் தொடக்கத்தில் வரும் கொடி பைற்றுகளை வைத்துத்தான் டிகோடர் தன் தாளத்தைப் பிடிக்கிறது. ஸ்குவெல்ச் திறக்க எடுக்கும் நேரத்தில் அவை விழுங்கப்பட்டுவிடும். இடையில் சிக்னல் ஒரு கணம் தளர்ந்தால் அது மூடித் திறக்கும், அத்தோடு அந்தப் பக்கெற் போய்விடும். இரைச்சல் ஓயாமல் போய்க்கொண்டிருந்தாலும் டயர்வுல்ஃப்புக்குக் கவலையில்லை. அது இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பதற்கென்றே எழுதப்பட்டது.

அடுத்தது பட்டை அகலம். இந்தப் பக்கெற்றுகள் 1200, 2200 ஹேர்ட்ஸ் என்ற இரண்டு தொனிகளால் ஆனவை. எஃப்.எம். விலகல் (மீடிறன் இருபுறமும் ஆடும் அளவு) 3 கிலோஹேர்ட்ஸ் என்று எடுத்தால், தேவைப்படும் அகலம் 3உம் 2.2உம் கூட்டி இரண்டால் பெருக்க 10.4 கிலோஹேர்ட்ஸ். விலகல் 5 ஆனால் 14.4. நீங்கள் கொடுத்திருப்பது 8. பில்ரரின் ஓரங்கள் சிக்னலை அறுக்க, தொனிகள் உருக்குலைகின்றன. காது அதைப் பொறுத்துக்கொள்ளும். அதனால்தான் உங்களுக்குச் ‘சத்தம் தெளிவாக’ இருக்கிறது. இதற்கு மேல் டொப்ளர் விளைவு வேறு. நிலையம் தொடுவானத்தில் எழும்போது மீடிறன் ஏறத்தாழ 3.5 கிலோஹேர்ட்ஸ் கூடுதலாகவும், மறையும்போது அதே அளவு குறைவாகவும் வரும். பட்டை அகலத்தை 15 அல்லது 16 கிலோஹேர்ட்ஸாக வையுங்கள். கடவையின் (நிலையம் வானத்தைக் கடக்கும் நேரத்தின்) தொடக்கத்தில் 145.8285, நடுவில் 145.825, முடிவில் 145.8215 என்று கையாலேயே மாற்றினால் போதும். தானியங்கித் திருத்தம் இருந்தால் இன்னும் நல்லது.

ஆனால் டொங்கிள் காட்டும் மீடிறனே பிழையாக இருந்தால் இதெல்லாம் வீண். மலிவான டொங்கிளின் பளிங்கு (மீடிறனை நிர்ணயிக்கும் படிகம்) 50 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் 50 பங்கு) பிசகியிருந்தால் 145 மெகாஹேர்ட்ஸில் அது 7.3 கிலோஹேர்ட்ஸ் தவறு. மீடிறன் நிச்சயமாகத் தெரிந்த ஏதாவதொரு நிலையத்தைப் பிடித்து, எவ்வளவு தள்ளித் தெரிகிறது என்று பார்த்து, பி.பி.எம். பெட்டியில் திருத்தத்தை இடுங்கள். டொங்கிளைச் செருகி 20 நிமிடம் ஓடவிட்ட பிறகே அளக்க வேண்டும், சூடேறும்போது அது நகரும். தகரக் கூரைக்குக் கீழே கட்டித் தொங்கவிட்டிருந்தால் மத்தியானத்துக்கு ஒரு எண், விடியற்காலைக்கு ஒரு எண் என்று வரும். வெப்பநிலை ஈடுசெய்த பளிங்கு உள்ள டொங்கிள் 1 பி.பி.எம். அளவில் நிற்பதால் இந்தத் தலையிடி இல்லை. புதிதாக வாங்குபவர்கள் அதையே வாங்குங்கள்.

இனி ஓடியோ. எஸ்.டி.ஆர். (மென்பொருள் வானொலி) மென்பொருளில் ‘டி-எம்ஃபசிஸ்’ என்று ஒரு தெரிவு இருக்கும். பேச்சு இனிமையாகக் கேட்பதற்காக உயர் தொனிகளை அமர்த்துவது அதன் வேலை. முழு அளவில் இயங்கினால் 2200 ஹேர்ட்ஸ் தொனி 1200ஐவிட 5 டெசிபெல்லுக்கு மேல் தணிந்துவிடும். இரண்டு தொனியும் ஒரே உயரத்தில் நிற்பதே டிகோடருக்கு நல்லது. முதலில் அணைத்துப் பாருங்கள். அனுப்பும் கருவி உயர் தொனியைத் தூக்கி அனுப்பும் ரகமாக இருந்தால் போட்டுப் பாருங்கள். இரண்டில் எது கூடுதல் பக்கெற் தருகிறதோ அதுவே சரி.

டயர்வுல்ஃப் ஒவ்வொரு பக்கெற்றோடும் ஓடியோ அளவை எழுதும். அது 50ஐ ஒட்டி இருக்கட்டும். 100ஐத் தாண்டினால் அளவு மிகை, குறையுங்கள். விண்டோஸில் ஒலிக் கருவியின் ‘மேம்படுத்தல்’ வசதிகள் அத்தனையையும் அணைத்துவிடுங்கள். இரைச்சல் நீக்கி என்று ஒன்று உண்டு, அதற்குப் பக்கெற்றும் இரைச்சலும் ஒன்றுதான். மாதிரி வேகமும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மென்பொருள் செக்கனுக்கு 24,000 மாதிரி அனுப்ப, மற்றது 22,050 என்று நம்பினால், 1200 ஹேர்ட்ஸ் தொனி 1102 ஆகவும் 2200 தொனி 2021 ஆகவும் போய்ச் சேரும். அப்போது பத்தில் ஒன்றல்ல, ஒன்றுமே வராது. உங்களுக்கு இடைக்கிடை வருவதால் இது உங்கள் குறை அல்ல. இதே கேள்வியை எழுதிய சாவகச்சேரி வாசகருக்கு, ஒன்றுமே வரவில்லை என்பதால், இதுதான் முதற் சந்தேகம்.

கெயின் விடயம் பலருக்கும் பொருந்தும். ஆர்.டி.எல். டொங்கிள் 8 பிற் கருவி, அதன் அளவுகோல் சிறியது. பக்கத்தில் பலமான எஃப்.எம். ஒலிபரப்பு இருந்தால், அது உள்ளே வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும், மெலிந்த சிக்னல் நசுங்கிவிடும். கெயினைச் சுழியத்தில் இருந்து ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். திரையில் சிக்னலின் உச்சி இரைச்சல் தரையில் (எப்போதும் இருக்கும் இரைச்சலின் மட்டத்தில்) இருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை மட்டும் பாருங்கள். ஒரு கட்டத்துக்குப் பிறகு இரண்டும் சேர்ந்தே உயரும், இடைவெளி கூடாது. இன்னும் ஏற்றினால் இடைவெளி குறையும், இல்லாத இடங்களில் பொய்ச் சிக்னல்கள் முளைக்கும். கூடாமல் நின்ற இடத்தில் இருந்து ஒரு படி இறக்கி அங்கேயே விடுங்கள். எஃப்.எம். தொல்லை கடுமையாக இருந்தால் 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரை வெட்டும் ஒரு பில்ரரை டொங்கிளுக்கு முன்னால் போடலாம். விலை அதிகமில்லை, பலன் அதிகம்.

அன்ரனாவின் அளவைச் சொல்லவில்லை. ஒவ்வொரு கையும் 49 சென்ரிமீற்றர், இடைக்கோணம் 120 பாகை, தரைக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் சந்தேகம் மென்பொருள் மேல் இருந்தால், டயர்வுல்ஃப்போடு கூடவே இரண்டு பரிசோதனை நிரல்கள் வருகின்றன. ஒன்று, மெல்ல மெல்ல இரைச்சல் கூடும் 100 பக்கெற்றுகளை ஓர் ஒலிக்கோப்பாக எழுதித் தரும். மற்றது அந்தக் கோப்பை வாசித்து எத்தனை பக்கெற் பிடிபட்டது என்று சொல்லும். அங்கே நன்றாக வாசித்தால் டிகோடரில் குறையில்லை, அதற்கு முன்னால் தேடுங்கள். கடவைகளையும் இப்படிப் பதிவுசெய்து வைத்துக்கொண்டால், ஒரே பதிவை வேறு வேறு அமைப்புகளில் திரும்பத் திரும்ப ஓட்டி ஒப்பிடலாம். அடுத்த கடவைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நிலையத்தின் பக்கெற் கருவி எந்நேரமும் இயங்குவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். வானத்தில் யாரும் பேசாதபோது உங்கள் டொங்கிளைத் திட்டிப் பயனில்லை.

கேள்வி: விமானங்கள் தம் இடத்தை அறிவிக்கும் 1090 மெகாஹேர்ட்ஸ் ஏ.டி.எஸ்.-பி. பக்கெற்றுகளை டம்ப்1090 என்ற மென்பொருள் கொண்டு பிடிக்கிறேன். அன்ரனா மாடியில், கேபிள் 15 மீற்றர் ஆர்.ஜி.-58. பலாலியில் இறங்கும் விமானம் நன்றாகத் தெரிகிறது, தூரத்தில் உயரப் பறப்பவை குறைவு. தீவிரப் பிழைதிருத்தத்தைப் போட்டேன். பக்கெற் எண்ணிக்கை கூடியது. ஆனால் முன்பின் தெரியாத விமானங்கள் ஒரு செக்கன் தோன்றி மறைகின்றன. ஏன்?
— வாசகர், நல்லூர்

பதில்: அவை விமானங்கள் அல்ல, இரைச்சலுக்குள் இருந்து உங்கள் மென்பொருள் உருவாக்கிய பேய்கள். அந்தத் தெரிவை உடனே அணையுங்கள்.

ஏ.டி.எஸ்.-பி. பக்கெற் 112 பிற் கொண்டது, அதில் 24 பிற் சரிபார்ப்புக்கு. ஒரு பிற்றை மட்டும் திருப்பிப் பார்த்துத் திருத்தினால் 112 வாய்ப்புகள். இரண்டு பிற் வரை திருப்பலாம் என்று அனுமதித்தால் மேலும் 6,216 வாய்ப்புகள். 24 பிற்றில் அமையக்கூடிய எண்கள் 1 கோடியே 67 இலட்சம் சொச்சம். கணக்குப் போட்டால், வெறும் இரைச்சல் ஏறக்குறைய 2,700இல் ஒரு தடவை ‘திருத்தப்பட்ட நல்ல பக்கெற்’ என்று தேறிவிடும். இரைச்சலில் பொய்யான முன்னொலிகள் (பக்கெற்றின் தொடக்க அடையாளங்கள்) செக்கனுக்கு ஆயிரக்கணக்கில் அகப்படுவது சாதாரணம். ஒரு பிற் திருத்தத்தோடு நிறுத்திக்கொண்டால் இந்த வாய்ப்பு ஒன்றரை இலட்சத்தில் ஒன்றாகக் குறைகிறது, அது தாங்கும்.

ராடாரின் கேள்விக்கு விமானம் அனுப்பும் குறுகிய 56 பிற் பதில்களில் இன்னொரு சிக்கல் உண்டு. உயரத்தைச் சொல்லும் பதில்களில் சரிபார்ப்பு எண்ணோடு விமானத்தின் முகவரியையும் கலந்தே அனுப்புகிறார்கள். ஆகவே அதைத் தனியே சரிபார்க்க முடியாது. அண்மையில் வேறு பக்கெற்றில் கண்ட முகவரியா என்று பார்த்தே டிகோடர் ஏற்கிறது. ஒரு பேய் முகவரி பட்டியலில் நுழைந்துவிட்டால் அது அடுத்த பேய்க்கும் கதவைத் திறந்துவிடும். பதினறும (16 அடிமான எண்) முகவரி 770 என்று தொடங்கினால் இலங்கைப் பதிவு, 80 என்று தொடங்கினால் இந்தியப் பதிவு. எந்த நாட்டுக்கும் ஒதுக்கப்படாத முகவரி ஒரே ஒரு தடவை தோன்றினால் சந்தேகியுங்கள்.

தூரத்து விமானம் தெரியாததற்குக் காரணம் கேபிள். 1090 மெகாஹேர்ட்ஸில் 15 மீற்றர் ஆர்.ஜி.-58 ஏறத்தாழ 9 டெசிபெல்லைத் தின்னும். அதாவது அன்ரனா பிடித்ததில் எட்டில் ஒரு பங்குதான் கீழே வந்து சேருகிறது. ரி.வி. டிஷ்ஷுக்கு இழுக்கும் ஆர்.ஜி.-6 கேபிள் எந்த மின்சாதனக் கடையிலும் கிடைக்கும். அதே நீளத்துக்கு அதில் இழப்பு சுமார் 3 டெசிபெல். 75 ஓம் கேபிளை 50 ஓம் கருவியில் மாட்டலாமா என்று பலர் தயங்குகிறார்கள். அந்தப் பொருத்தமின்மையால் போவது 0.2 டெசிபெல்கூட இல்லை, தாராளமாக மாட்டுங்கள். அதைவிடச் சிறந்தது டொங்கிளையே அன்ரனாவுக்குக் கீழே ஒரு பெட்டியில் வைத்து, கேபிளை ஒரு மீற்றருக்குள் அடக்குவது.

அன்ரனா எளிய கால் அலை ரகம் என்றால் நிமிர்ந்த கம்பி 66 முதல் 69 மில்லிமீற்றர், கீழே சாய்ந்த நான்கு கம்பிகளும் அதே அளவு. பக்கத்தில் கைபேசிக் கோபுரம் இருந்தால் 1090 பில்ரர் ஒன்று வேண்டும். கெயினை வைக்க ஒரு நல்ல அளவுகோல்: கருவி தாங்கும் உச்சத்தைச் சுழியமாக வைத்து, வரும் பக்கெற்றுகளில் மைனஸ் 3 டெசிபெல்லைத் தாண்டிப் பலமாக இருப்பவை நூற்றுக்கு 5க்கு மேல் போகக்கூடாது. பலாலி விமானம் கிட்ட வரும்போது மட்டும் அது தாண்டினால் பரவாயில்லை.

யாழ்ப்பாணம் தட்டையான நிலம், மலை மறைக்காது. 9 மீற்றர் உயர அன்ரனாவுக்கு 11,000 மீற்றரில் பறக்கும் விமானம் கோட்பாட்டளவில் 440 கிலோமீற்றர் வரை தெரிய வேண்டும். உங்களுக்கு 150இல் நின்றுவிடுகிறது என்றால் கேபிளை மாற்றுவதே வேலை. மென்பொருளில் இனித் தேட ஒன்றுமில்லை.

கேள்வி: கப்பல்கள் தம் அடையாளத்தையும் இடத்தையும் அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். சிக்னலைப் பிடிக்கிறேன். வழக்கமாக 30, 40 கிலோமீற்றருக்குள் தெரியும். காற்று ஓய்ந்த சில இரவுகளில் மிகத் தூரத்துக் கப்பல்கள் திரையில் வருகின்றன, ஆனால் அதே நேரத்தில் சி.ஆர்.சி. பிழையும் பல மடங்காகிறது. சிக்னல் பலமாகவே இருக்கிறது. கருவி பழுதா?
— வாசகர், பருத்தித்துறை

பதில்: கருவி நலம். நடப்பது பாக்குநீரிணையின் வேலை. அமைதியான இரவுகளில் கடலுக்கு மேல் ஈரமான காற்றும் அதற்கு மேல் சூடான உலர்ந்த காற்றும் அடுக்காகப் படிந்தால், வி.எச்.எஃப். அலைகள் அந்த அடுக்குக்குள் அகப்பட்டுத் தொடுவானத்தைத் தாண்டி வளைந்து வரும். தமிழ்நாட்டு எஃப்.எம். நிலையங்கள் நம் வீட்டு வானொலியில் உள்ளூர் நிலையம்போல் விழும் இரவுகள் அவைதான்.

ஏ.ஐ.எஸ். 161.975, 162.025 மெகாஹேர்ட்ஸ் என்ற இரண்டு சனல்களில், ஒரு நிமிடத்தை 2,250 துண்டுகளாக்கி இயங்குகிறது. ஒவ்வொரு துண்டும் 26.67 மில்லிசெக்கன். ஒன்றையொன்று கேட்கக்கூடிய கப்பல்கள் தங்களுக்குள் துண்டுகளைப் பங்கிட்டுக்கொள்ளும். கேட்காத தூரத்தில் உள்ளவை அதே துண்டை மீண்டும் பயன்படுத்தும், வழக்கமாக அதனால் கேடில்லை. அடுக்கு படிந்த இரவில் நீங்கள் மட்டும் இரண்டு கூட்டத்தையும் சேர்த்துக் கேட்கிறீர்கள். ஒரே துண்டில் இரண்டு கப்பல் பேசினால் சிக்னல் பலமாகவும் பக்கெற் குப்பையாகவும் இருக்கும்.

உறுதிப்படுத்த, பிழையான பக்கெற்றுகளின் பலத்தைப் பாருங்கள். மெலிந்த சிக்னலில் மட்டும் பிழை என்றால் அன்ரனா, கேபிள். பலமானதிலும் மெலிந்ததிலும் ஒரே அளவில் பிழை என்றால் மோதல், அல்லது கெயின் கூடுதல். கெயினை இரண்டு படி இறக்கியும் மாறவில்லை என்றால் மோதல்தான். வடக்கு நோக்கித் திரும்பிய யாகி அன்ரனா (ஒரு திசையைக் கூர்ந்து கேட்பது) ஒன்று ஒரு பகுதியை வெட்டும், அதற்கு மேல் செய்ய ஏதுமில்லை. கப்பல் அடையாள எண் 417 என்று தொடங்கினால் இலங்கை, 419 என்றால் இந்தியா. எந்தப் பக்கம் வெள்ளமாக வருகிறது என்பது அதிலேயே தெரியும்.

கடற்கரையில் இருப்பதால் கேட்காமலே ஒன்று சொல்கிறோம்: வெளியில் உள்ள ஒவ்வொரு இணைப்பியையும் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவால் சுற்றி, அதற்கு மேல் சாதாரணக் கறுப்பு நாடாவைச் சுற்றுங்கள். வீட்டுக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிடுங்கள், மழைநீர் அங்கே சொட்டிவிடும். உப்பு ஏறிப் பச்சை பிடித்த இணைப்பி மழைக்காலத்தில் மட்டும் ‘பிழை’ காட்டும். கேபிளை ஆட்டும்போது இரைச்சல் தரை துள்ளினால் அதுதான் ஆள். வெட்டிப் புதிதாகப் போடுங்கள், சுரண்டித் துடைப்பதில் பலனில்லை.

கேள்வி: குனூ றேடியோவில் (கட்டங்களை இணைத்து வானொலி நிரல் அமைக்கும் மென்பொருள்) 9600 போட் (செக்கனுக்கு 9600 குறியீடு) வேகத்துக்கு ஒரு டிகோடர் எழுதியுள்ளேன். ஒத்திசைவுச் சொல் (பக்கெற்றின் தொடக்கத்தைக் காட்டும் நிலையான பிற் வரிசை) 16 பிற், ஒரு பிற் பிழையை அனுமதித்திருக்கிறேன். செக்கனுக்கு இரண்டு மூன்று தடவை ‘கண்டேன்’ என்கிறது, ஆனால் சி.ஆர்.சி. ஒருமுறைகூடப் பொருந்தவில்லை. டொங்கிள் 250,000 மாதிரி வேகத்தில் ஓடுகிறது, ஒரு குறியீட்டுக்கு 26 மாதிரி என்று கொடுத்திருக்கிறேன்.
— பொறியியல் மாணவி, அறிவியல் நகர், கிளிநொச்சி

பதில்: செக்கனுக்கு இரண்டு மூன்று என்ற அந்த எண்ணிக்கையே உங்களைக் காட்டிக்கொடுக்கிறது. வெறும் இரைச்சலில் 16 பிற் சொல் ஒன்று தற்செயலாக அமையும் வாய்ப்பு 65,536இல் ஒன்று. ஒரு பிற் பிழையை அனுமதித்தால் 17 வடிவங்கள் ஏற்புடையவை, 3,855 பிற்றுக்கு ஒன்று. 9600 வேகத்தில் அது 0.4 செக்கனுக்கு ஒரு தடவை. அன்ரனாவைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள், அப்போதும் அதே எண்ணிக்கையில் ‘கண்டேன்’ வரும். முதலில் பிழை அனுமதியைச் சுழியமாக்குங்கள். உங்கள் நெறிமுறை அனுமதித்தால் 32 பிற் சொல் வையுங்கள், அதில் இரண்டு பிற் பிழை வரை விடலாம்.

அடுத்தது 26. 250,000ஐ 9600ஆல் வகுத்தால் 26.0417. வித்தியாசம் 0.16 சதவீதம்தானே என்று தோன்றும். கடிகார மீட்பு வளையம் (பிற்றுகளின் தாளத்தைப் பின்தொடரும் பகுதி) அதைத் துரத்திப் பிடிக்காவிட்டால் 312 பிற்றுக்குள், அதாவது 39 பைற்றுக்குள், அரை பிற் வழுக்கிவிடும். அதன்பின் வருவதெல்லாம் குப்பை. சிறிய பக்கெற் சரியாகவும் பெரிய பக்கெற் எப்போதும் பிழையாகவும் இருந்தால், இல்லையேல் முதல் 40 பைற் வாசிக்கத்தக்கதாக இருந்து பிறகு சிதறினால், நோய் இதுதான். கட்டத்தில் 26.0417 என்று பின்னமாகவே எழுதுங்கள், ஏற்கும். அதைவிட, மறுமாதிரி செய்து 48,000க்குக் கொண்டுவந்தால் குறியீட்டுக்குச் சரியாக 5 மாதிரி, கணினிக்கும் சுமை குறைவு. பளிங்கின் பி.பி.எம். பிசகு இங்கே குற்றவாளி அல்ல. 20 பி.பி.எம். பிசகு 256 பைற் பக்கெற்றின் முடிவில் 0.04 பிற்தான் நகர்த்தும்.

இவற்றைச் சரிசெய்த பிறகு உண்மையான ஒத்திசைவு வந்தும் சி.ஆர்.சி. ஒருமுறைகூடப் பொருந்தாவிட்டால், வானொலிப் பக்கத்தை விட்டுவிட்டு நிரலைப் பாருங்கள். சிக்னல் மெலிவு என்றால் சில பக்கெற்றாவது தேறும். நூற்றுக்கு நூறு தோல்வி எப்போதும் ஒப்பந்தப் பிழைதான், அனுப்புபவரும் வாங்குபவரும் வேறு விதி வைத்திருக்கிறார்கள்.

உள்ளடக்கம் தெரிந்த ஒரு பக்கெற்றை அனுப்பச் செய்து, வந்த பிற்றுகளை அதற்கு நேரே எழுதிப் பாருங்கள். எல்லாப் பிற்றும் தலைகீழ் என்றால் மீடிறன் திசை மாறியிருக்கிறது. ஒவ்வொரு பைற்றும் கண்ணாடியில் பார்த்ததுபோல் என்றால் சிறிய பிற் முதலா பெரிய பிற் முதலா என்ற குழப்பம். ஐந்து ஒன்றுகளுக்குப் பின்னால் ஒரு சுழியம் கூடுதலாக வந்தால் திணிப்புப் பிற்றை நீக்க மறந்திருக்கிறீர்கள். ஒத்திசைவுச் சொல் சரி, அடுத்த பிற்றில் இருந்தே எல்லாம் தாறுமாறு, ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே தாறுமாறு என்றால், வெளுப்பாக்கத்தை (தரவோடு ஒரு நிலையான பிற் வரிசையைக் கலப்பதை) நீக்கவில்லை. 9600 வேக அமெச்சூர் பக்கெற்றில் வரும் கலைப்பான் (ஸ்கிராம்பிளர்) இன்னொரு வகை. அதன் கோவை எக்ஸ் அடுக்கு 17 கூட்டல் எக்ஸ் அடுக்கு 12 கூட்டல் 1. அதில் வானொலியில் மாறிய ஒரு பிற், கலைப்பை நீக்கியபின் மூன்று பிற் பிழையாகப் பெருகும்.

சி.ஆர்.சி. நிரலைத் தனியே சோதிக்க 123456789 என்ற ஒன்பது எழுத்துகளை ஊட்டுங்கள். ஏ.எக்ஸ்.25 (அமெச்சூர் பக்கெற் நெறிமுறை) பயன்படுத்தும் வகை என்றால் விடை தசமத்தில் 36974. தொடக்க மதிப்பு எல்லாம் ஒன்றாக இருந்து பிற்றுகளைத் திருப்பாத வகை என்றால் 10673. தொடக்க மதிப்பு சுழியம் என்றால் 12739. மூன்றையும் ‘சி.சி.ஐ.ரி.ரி.’ என்ற ஒரே பெயரில்தான் நூலகங்களில் போட்டிருப்பார்கள், பெயரை நம்ப வேண்டாம். விடை சரியாக இருந்தும் பொருந்தாவிட்டால் கடைசி இரண்டு பைற்றை இடம் மாற்றிப் பாருங்கள். நீளத்தைச் சொல்லும் பைற் கணக்கில் சேருமா சேராதா என்பதையும் பாருங்கள்.

முனையத்தில் ஆங்கில ‘ஓ’ எழுத்து வரிசையாக விழுந்தால் கணினி மாதிரிகளைத் தவறவிடுகிறது. அந்த இடத்தில் இருந்த பக்கெற் போனது போனதுதான். மெய்நிகர் கணினிக்குள் ஓட்டுவதைத் தவிருங்கள். டொங்கிள் இணைத்த வரைபடத்தில் ‘த்ரொட்டில்’ (வேகத்தை மட்டுப்படுத்தும்) கட்டம் இருந்தால் நீக்குங்கள்.

கேள்வி: வெங்காயத் தோட்டத்தில் மண்ஈரம் அளக்க லோரா (குறைந்த மின்சக்தியில் தூரம் எட்டும் வானொலி முறை) உணரிகள் வைத்துள்ளோம். எஸ்.டி.ஆர். கொண்டு பார்த்தால் பக்கெற்றின் முகப்பில் வரும் தலைப்புச் சரியாக வாசிக்கப்படுகிறது, உள்ளடக்கம் எப்போதும் சி.ஆர்.சி. பிழை.
— விவசாயி, உரும்பிராய்

பதில்: பரவல் காரணி (கூடக்கூட வேகம் குறைந்து தூரம் கூடும் லோரா அமைப்பு) 11 அல்லது 12, பட்டை அகலம் 125 கிலோஹேர்ட்ஸ்தானே? அப்படியானால் ‘தாழ் வேக உகப்பாக்கம்’ என்ற தெரிவு ஒரு பக்கம் போட்டும் மறுபக்கம் போடாமலும் இருக்கிறது. ஒரு குறியீட்டின் நீளம் 16 மில்லிசெக்கனைத் தாண்டினால் உணரியின் நூலகம் பெரும்பாலும் அதைத் தானாகப் போட்டுவிடும். தலைப்பு எப்படியும் அந்தக் காப்பு முறையிலேயே அனுப்பப்படுவதால் அது மட்டும் தப்பி வருகிறது. எஸ்.டி.ஆர். பக்கமும் போடுங்கள். சி.ஆர்.சி. பொருந்திய பிறகும் எழுத்துகள் புரியாவிட்டால் பயப்பட வேண்டாம். லோராவான் (லோராவுக்கு மேல் இயங்கும் வலையமைப்பு நெறிமுறை) என்றால் உள்ளடக்கம் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும், திறவுகோல் இல்லாமல் வாசிக்க முடியாது.

கேள்வி: பகலில் எல்லாம் நன்றாக வருகிறது. பின்னேரம் ஆறரைக்குப் பிறகு பிழை மேல் பிழை.
— வாசகர், கொக்குவில்

பதில்: விளக்கேற்றும் நேரம். மடிக்கணினியைப் பற்றரியில் ஓடவிட்டு வீட்டு மெயின் சுவிச்சை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். இரைச்சல் தரை விழுந்தால் குற்றவாளி வீட்டுக்குள். ஒவ்வொரு சுற்றாகத் திரும்பப் போட்டு வந்தால் எந்த எல்.ஈ.டி. மின்குமிழ், எந்தச் சாஜர் என்று பிடிபடும். விழாவிட்டால் அயல்வீடு அல்லது வீதிவிளக்கு. அன்ரனாவைச் சுவரில் இருந்து தள்ளி வையுங்கள், டொங்கிளை ஒன்றரை மீற்றர் யூ.எஸ்.பி. நீட்டிப்புக் கேபிளில் கணினியை விட்டு விலக்கி, இரண்டு முனையிலும் இரைச்சலை அடக்கும் பெரைற் வளையம் மாட்டுங்கள். பகலில் மட்டும் பிழை என்று எழுதிய மானிப்பாய் வாசகருக்கு எங்கள் சந்தேகம் கூரைச் சூரியத் தகட்டின் இன்வேர்ட்டர் மேல். சோதனை அதேதான்.

கேள்வி: நோவா 19 வானிலைச் செய்மதியின் படம் வருவதே இல்லை. டொங்கிளை மாற்றவா?
— மாணவர், சுன்னாகம்

பதில்: மாற்ற வேண்டாம். நோவா 15, 18, 19 மூன்றும் 2025இல் சேவையில் இருந்து நிறுத்தப்பட்டுவிட்டன. அதே அன்ரனாவோடு ரஷ்யாவின் மெற்றியோர் எம்2-3, எம்2-4 செய்மதிகளை 137.9 அல்லது 137.1 மெகாஹேர்ட்ஸில் சாற்டம்ப் மென்பொருள் கொண்டு பிடியுங்கள். அது எண்முறைச் சிக்னல், பழைய படம்போல் புள்ளி புள்ளியாக மங்கி வராது. வந்தால் முழுதாக வரும், இல்லையேல் கறுப்புக் கோடு. பட்டை அகலத்தைக் குறுக்க வேண்டாம், அதற்கு 140 கிலோஹேர்ட்ஸ் அளவில் இடம் தேவை.